காவல் தெய்வமும் நாட்டுணர்வும்: ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா

அந்நியப் படையெடுப்பினால் நாடு நிலைகுலைந்திருந்த வேளையில், 1656ஆம் ஆண்டில், போலந்து மன்னன் ஜான் காசிமிர் கன்னி மரியாளைத் தன் நாட்டின் அரசியாக ஏற்றுப் பிரதிக்ஞை செய்ததும், 1810இல் மெக்சிகோவில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்தெழுந்த இடால்கோ பாதிரியார் குவாதலூப்பே மாதாவின் திருவுருவத்தையே கொடியாக உயர்த்தியதும், பாதுகாவலராகப் போற்றப்படும் புனிதர்கள் ஒரு தேசத்தின் தன்னுணர்வை உருவாக்குவதில் பெறும் இடத்தைத் தெளிவாகக் காட்டுவன. ஆங்கெல்லாம் அரியணையும் போர்க்களமும் செய்த காரியத்தை, அரியலூர்ச் சீமையில் அடைக்கலமும் தமிழ்க் கவிதையும் செய்தன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இந்நிலத்திற்குக் காவல் தெய்வம் என்னும் கருத்துப் புதியதன்று. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில், திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கப்பெறும் மதுரகாளியம்மனைக் குலதெய்வமாகக் கொண்டோர், எங்கே குடிபெயர்ந்து வாழினும், முடியிறக்கவும் காது குத்தவும் அவள் சந்நிதிக்கே வருவர். குலத்தையும் ஊரையும் காப்பவள் தாய் என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றியிருந்தமையால், கடல் கடந்து வந்த மாதா பக்திக்கு இம்மண் அந்நியமாக இருக்கவில்லை.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டியர் ஆட்சியில் துன்புறுத்தலுக்கு ஆளான கிறிஸ்தவர் பலர், கொள்ளிடத்தைக் கடந்து வடகரையிலுள்ள அரியலூர்ப் பாளையத்தில் புகலடைந்தனர் என்பது திருத்தல வரலாறு. இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகம் போந்த வீரமாமுனிவர், அப்பாளையத்து ஏலாக்குறிச்சியில் மாதாவுக்குக் கோயில் எடுப்பித்து, அவளை அடைக்கல மாதா என்றும் ஊரைத் திருக்காவலூர் என்றும் வழங்கினார். ராஜபிளவை என்னும் கட்டியால் வருந்திய பாளையக்காரர் ரெங்கப்ப மழவராயர், முனிவரின் சிகிச்சையால் குணமடைந்து கோயிலுக்கு நிலம் அளித்தார் என்பது கர்ண பரம்பரை. அற்புதத்தின் உண்மையை ஆராய்தல் சரித்திராசிரியன் கடமையன்று. வேற்றுச் சமயத்துத் திருத்தலத்தைப் பேணுவதும் ஆள்வோனின் தர்மமே என்று மக்கள் நம்பியதையும், அந்த நன்றியைத் தலைமுறைதோறும் சொல்லி வந்ததையும் அக்கதை நமக்கு உணர்த்துகிறது.

எனினும், அடைக்கல மாதாவைத் தமிழுலகத்தில் நிலைபெறச் செய்தது நிலக்கொடையினும் இலக்கியமே. தெய்வங்களையும் அரசர்களையும் பாட வழங்கிய கலம்பகத்தைத் 'திருக்காவலூர்க் கலம்பகம்' ஆக்கி மரியன்னைக்குச் சூட்டிய முனிவர், போர்ச்சுக்கீசியர் போற்றிய கித்தேரி என்னும் புனிதையின் சரிதத்தைப் பாமரரும் பாடிக் கேட்கும் அம்மானை வடிவில் அமைத்தார். அப்பெயர் தமிழ்க் கத்தோலிக்கப் பெண்டிரிடையே வழங்கலாயிற்று. புனித சூசையப்பரை வளன் என்னும் காவியத் தலைவனாக்கி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியை 1726இல் நிறைவு செய்தபோது, அவர் மரபு வழுவாமல் நாட்டுப் படலத்தோடும் நகரப் படலத்தோடுமே தொடங்கினார். யூதேயாவில் மழை பொழிவதும் வயல் விளைவதும் அங்கே காவிரி நாட்டுச் சாயலிலேயே வருணிக்கப்படுகின்றன. புனிதரின் வரலாறு இவ்வாறு தமிழ்த் திணை மரபுக்குள் வந்தமையால், அவரை வணங்குவோர் தம் மொழியையோ மரபையோ கைவிட வேண்டிய நிர்ப்பந்தம் நேரவில்லை.

சமயம் பரப்ப எழுந்த இந்நூல்களைப் பின்னாளில் தமிழர் அனைவரும் பொதுச் செல்வமாக ஏற்றனர். 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் வீரமாமுனிவர் சிலையும் ஒன்றாக இடம்பெற்றது இதற்குச் சான்று. ஒரு பாதுகாவலரை நாட்டார் அனைவர்மீதும் சுமத்திய தேசங்களில், அவரை வணங்காதவர் புறத்தாராகும் அபாயம் உண்டு. அடைக்கல மாதாவோ தன் பக்தர்க்கு மட்டுமே தாயாக இருந்தாள். அவளைப் பாடிய தமிழ் எல்லார்க்கும் உரியதாயிற்று. தமிழ்நாட்டில் நாட்டுணர்வு ஒரே பாதுகாவலரை வேண்டாமலே வளர்ந்தமைக்குக் காரணம் இதுவேயாம்.