ரிம்முக்குக் கீழே

டிக்கியில் விரித்திருந்த கம்பளத்தைப் பிய்த்தெடுத்தபோதுதான் அந்த இரண்டு வட்டங்களையும் பார்த்தேன். பின்சக்கரங்களுக்கு நேர் மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு டீ கிளாஸ் வாய் அளவு. யாரோ தகடு வெட்டி வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, மேலே தார் பூசி மறைத்திருந்தார்கள். விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

வண்டி 1964-ஆம் ஆண்டு செவர்லே இம்பாலா. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், பின்னால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு விளக்குகள். நீளம் பதினேழரை அடி. என் கராஜில் நிறுத்தினால் கதவை மூட முடியவில்லை. சுவரோரம் இருந்த அலமாரியைக் கழற்ற வேண்டியதாயிற்று. என்ஜினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் ஒரு சின்னப் பட்டயம் உண்டு. எந்தத் தொழிற்சாலை, என்ன பெயிண்ட், என்ன சீட் துணி எல்லாம் அதில் குறியீடாக அடித்திருக்கும். என் வண்டி லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் தொழிற்சாலையில் பிறந்தது. நிறம் எர்மைன் ஒயிட், பால் வெள்ளை.

அந்த வெள்ளைக்கே கொண்டுபோய்விட வேண்டும் என்றுதான் வாங்கினேன். அது அப்பா கற்றுக்கொடுத்த புத்தி. காரைக்குடியில் அவருக்கு டிங்கரிங் பட்டறை. எந்தக் காரையும் ஜனங்கள் 'பிளஷர்' என்று சொன்ன காலம் அது. செட்டியார் வீட்டு ஷெட்டுகளில் தூங்கிய பழைய அமெரிக்க வண்டிகள் எப்போதாவது அவர் கைக்கு வரும். "கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆக்கிக் கொடுக்கணும். அதுதான் வேலை" என்பார். அதற்கு மேல் ஒரு கோடு இழுத்தாலும் அவருக்கு அது கோணல்.

அந்த வட்டங்களைக் காட்டப் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டேன். வயது எழுபத்தாறு. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்த மெக்சிகோ வம்சத்துக்காரர். நாற்பது வருஷம் கார்களுக்கு பெயிண்ட் அடித்தவர். அவர் ஆட்கள் கைத்தொழில்காரரை 'மாயெஸ்த்ரோ' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நம் 'மேஸ்திரி' போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. இரண்டும் ஒரே லத்தீன் வேர். அதனால் நான் அவரை மேஸ்திரி என்றே கூப்பிடுகிறேன். அவருக்கும் காதில் உறுத்தவில்லை.

மேஸ்திரி குனிந்து வட்டத்தை விரலால் தடவினார். பிறகு தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். சேசிஸின் நடுவில் கால் அங்குலத் தகடு போர்த்திப் பற்றவைத்திருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மிஹோ, இது குதித்த வண்டி" என்றார். மிஹோ என்றால் மகனே. எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

எனக்கும் ஓரளவு புரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் ஹைட்ராலிக் பம்ப் சோதிக்கிறேன். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் சிலிண்டர் நின்றால், அது தலையை நீட்ட டிக்கித் தரையில் ஒரு ஓட்டை வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அந்த ஓட்டை அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது என்பதைத்தான் மேஸ்திரி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் கலிபோர்னியாவின் வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய வண்டிகளைப் பிரித்து வேகத்துக்குத் தயார் செய்தார்கள். பின்பக்கம் தூக்கி, மூக்கு தாழ்த்தி, கூரையைக் கழற்றி ஓட்டினார்கள். மெக்சிகோ வம்சத்து இளைஞர்கள் எதிர்த்திசையில் போனார்கள். வண்டி தாழ வேண்டும், மெல்லப் போக வேண்டும். அதுதான் அவர்கள் வாய்ப்பாடு. டிக்கியில் மணல் மூட்டை, சிமெண்ட் மூட்டை அடுக்கினார்கள். ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்தெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் ஊர்ந்து போவார்கள். வேகமாகப் போகிறவனை யாரும் பார்க்க முடியாது. மெல்லப் போகிறவனைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஊரின் நடுவே இருந்தும் ஊர்க்கணக்கில் வராதவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது.

பெரிய அமெரிக்க வண்டிகள் இவர்கள் கைக்கு வந்ததற்குக் காரணம் விலை. டெட்ராய்ட் கம்பெனிகள் வருஷா வருஷம் உருவத்தை மாற்றின. அதனால் போன வருஷ வண்டி சீக்கிரமே பழசாகி, நாலைந்து வருஷத்தில் கூலிக்காரனும் வாங்கும் விலைக்கு இறங்கிவிடும். ஆறு பேர் உட்காரலாம். செவர்லே என்றால் உதிரிபாகம் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். இம்பாலாவுக்கு இன்னொரு விசேஷமும் சேர்ந்தது. 1958 முதல் 1964 வரை அதன் சேசிஸ் எக்ஸ் எழுத்து மாதிரி நடுவில் ஒடுங்கி இருக்கும். ஓரச் சட்டங்கள் கிடையாது. அதனால் உடம்பைத் தரையோடு தரையாக இறக்க முடியும். ஆனால் அந்த இடுப்பு மெலிந்தது, குதித்தால் விரிசல் விடும். என் வண்டிக்கு அடியில் போர்த்தியிருந்த தகட்டின் காரணம் இதுதான்.

1958-இல் கலிபோர்னியா வாகனச் சட்டத்தில் 24008 என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. மாற்றம் செய்த காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இருக்கக் கூடாது. சட்டத்தின் வாசகத்தில் யார் பெயரும் இல்லை. யார் வண்டியை நிறுத்தி அளப்பார்கள் என்பது மட்டும் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிங்கை அறுத்தவனுக்கு வேறு வழியில்லை. அறுத்த சுற்றைத் திரும்ப ஒட்ட முடியாது.

வழி கண்டவர் ரான் அகீரே. சான் பெர்னார்டினோ பக்கத்துக்காரர். 1957-ஆம் ஆண்டு கார்வெட் ஒன்றை மாற்றிக் கட்டி, அதற்கு 'எக்ஸ்-சானிக்' என்று பெயர் வைத்திருந்தார். அதில் விமானங்களுக்குச் செய்த பெஸ்கோ ஹைட்ராலிக் பம்புகளை 1950-களின் கடைசியில் பொருத்தினார். தெற்குக் கலிபோர்னியா விமானம் கட்டும் பூமி. போர் முடிந்ததும் மிஞ்சிய பம்பும் வால்வும் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் குவிந்து கிடந்தன. ஸ்விட்சைத் தட்டினால் மோட்டார் சுழன்று பம்ப் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும். தண்டு நீண்டு வண்டி எழும்பும். இன்னொரு ஸ்விட்சில் வால்வு திறக்கும். எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப, வண்டி தன் கனத்திலேயே உட்காரும். போலீஸ் வண்டி கண்ணில் பட்டால் சட்டத்தின் உயரம், அது திரும்பிப் போனால் தன் உயரம்.

என் தொழிலில் நாங்கள் எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தின் சக்கரத்தை மடக்குகிறோம். அதே விதியை இவர்கள் ஒரு போலீஸ்காரரின் அளவுகோலை மடக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இருபத்தாறு வருஷத்தில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தப் பயன்பாட்டை நான் படித்ததில்லை.

விமானப் பம்ப் அருகிப்போனதும் லாரிகளின் பின்பலகையைத் தூக்கும் பம்புகளுக்கு மாறினார்கள். டிக்கி நிறைய பேட்டரிகளை வரிசையாகக் கோத்து மின்னழுத்தத்தைக் கூட்டினார்கள். வண்டி எழும்புவது போய்க் குதிக்கவே ஆரம்பித்தது. சட்டத்துக்குச் செய்த பதில் ஆட்டமாகிவிட்டது.

இந்த ஆட்டத்தின் அரங்கம் விட்டியர் புலிவார்டு. மேஸ்திரி இளைஞனாக ஞாயிறுதோறும் போன சாலை. அதே சாலையில்தான் 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போரை எதிர்த்து மெக்சிகோ வம்சத்தவர் நடத்திய பெரும் ஊர்வலத்தைப் போலீஸ் கலைத்தபோது, சில்வர் டாலர் என்ற மதுக்கடைக்குள் உட்கார்ந்திருந்த பத்திரிகையாளர் ரூபன் சலசார் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். மேஸ்திரி அந்த நாளைப் பற்றி அதிகம் பேச மாட்டார். "அதற்குப் பிறகு அந்தத் தெருவில் வண்டி ஓட்டுவது வேறு மாதிரி ஆகிவிட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். 1979-இல் வார இறுதி இரவுகளில் அந்தச் சாலையையே கார்களுக்கு மூடினார்கள். 1980-களில், ஒரே தெருவில் திரும்பத் திரும்ப ஓட்டுவதையே உள்ளாட்சிகள் தடை செய்யலாம் என்று மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது.

அந்தச் சாலையின் ராணி 'ஜிப்சி ரோஸ்'. இம்பீரியல்ஸ் கார் கிளப்பின் ஜெஸ்ஸி வலடேஸ் வைத்திருந்த வண்டி. என்னுடையதைப் போலவே 1964 இம்பாலா. இளஞ்சிவப்பு உடம்பு முழுக்கக் கையால் எழுதிய ரோஜாக்கள், நூற்றுக்கும் மேல். எழுதியவர் வான் நைஸைச் சேர்ந்த வால்ட் ப்ரே. 1974-இல் தொடங்கிய 'சீக்கோ அண்ட் த மேன்' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்பில் அந்த வண்டி வந்தபோது நாடே பார்த்தது. 1977-இல் சான் ஹோசேயில் இந்த வண்டிகளுக்கென்றே 'லோரைடர்' பத்திரிகை தொடங்கியது. நியூ மெக்சிகோவின் சிமாயோ கிராமத்தில் டேவிட் ஹராமீயோ என்பவர் ஒரு 1969 ஃபோர்டு எல்டிடியைக் கட்டத் தொடங்கி, 1978-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தார் அதை முடித்தார்கள். 'டேவின் கனவு' என்ற அந்த வண்டி இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. 2017-இல் ஜிப்சி ரோஸையும் அதே நகரத்தின் தேசியத் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திக் காட்டி, நாட்டின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்தார்கள். கலிபோர்னியாவில் அப்போதும் 24008 அமலில்தான் இருந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நான் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு சுவரில் அடுக்கடுக்காக நிற்குமே, அந்த மாதிரி வண்டியின் வயசு உரிந்து வந்தது. மேலே மலிவான நீலம். அதற்குக் கீழே சாம்பல் பட்டி. பட்டிக்குக் கீழே டிக்கி மூடியின் உட்புறத்தில், வெயில் படாத மூலையில், கருஞ்சிவப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. நாவல்பழம் கடித்த நாக்கின் நிறம். தண்ணீர் ஊற்றியதும் அதன் அடியிலிருந்து பொன்னாக மினுங்கியது. அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், தொழிற்சாலையின் பால் வெள்ளை.

"கேண்டி" என்றார் மேஸ்திரி. பொன் அல்லது வெள்ளி அடித்தளம் போட்டு, அதன் மேல் கண்ணாடி போன்ற நிறத்தைப் படலம் படலமாக ஏற்றுவது. வெளிச்சம் உள்ளே போய்ப் பொன்னில் பட்டுத் திரும்பி வரும். ஒவ்வொரு படலத்துக்கும் நிறம் கறுக்கும். எங்கேயாவது கை ஒரு நொடி தாமதித்தால் அங்கே வரி விழும். கீறல் விழுந்தால் ஒட்டுப்போட முடியாது, பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். வருஷா வருஷம் மாடல் மாற்றுகிற காலத்தில், கை ஒரு நொடி தாமதிக்காமல் இருக்க ஒருவன் வருஷக்கணக்கில் பழகியிருக்கிறான்.

"எந்தத் தேதிக்குத் திருப்பப் போகிறாய்?" என்று கேட்டார்.

பட்டயத்தைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. "வெள்ளையாக இருந்தது நாலைந்து வருஷம். அப்போது இது விற்பனைக்கு நின்ற சரக்கு. ஒருத்தன் ஆறு மாதச் சம்பளத்தைப் போட்டு இந்தச் சிவப்பை அடித்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் இது யாருடையதோ ஒரு வண்டி" என்றார்.

அன்றிரவு அப்பாவை நினைத்தேன். வந்த மாதிரி ஆக்கிக் கொடுப்பது என்றால், யாரிடம் வந்த மாதிரி? அவர் பட்டறையில் அந்தக் கேள்வி எழுந்ததில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் வாசலிலேயே நிற்பார், கேட்டால் சொல்வார். இங்கே அந்த ஆள் இல்லை. இரண்டு ஓட்டையையும் ஒரு மூலைச் சிவப்பையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவற்றை அடைத்து வெள்ளை அடித்தால் வண்டி சுத்தமாகத்தான் இருக்கும்.

வட்டத் தகடுகளை அறுத்தெடுத்தேன். சிலிண்டர்களைப் பொருத்தும் வேலை எனக்கு, பெயிண்ட் மேற்பார்வை அவருக்கு. ஆசைப்பட்டு வலது கதவை நானே அடித்தேன். ஒரு படலம் கூடிப்போய், கதவு மட்டும் உறைந்த ரத்தம் மாதிரி கறுத்துவிட்டது. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் வாட்டர் பேப்பரை எடுத்து என் கையில் வைத்தார். பொன் வரைக்கும் தேய்த்து மறுபடி அடிக்க மூன்று வார இறுதிகள் போயின. டிக்கி மூடியின் உள்மூலையில் அந்தப் பழைய சிவப்பை மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, தொடாமல் விட்டோம்.

வேலை முடிவதற்குள் சட்டமும் முடிந்துவிட்டது. 2023 அக்டோபரில் கலிபோர்னிய ஆளுநர் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் ரிம் அளவும் இல்லை, தெருவில் சுற்றக்கூடாது என்ற உள்ளாட்சித் தடைகளும் இல்லை. அறுபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை விட்டியர் புலிவார்டில் வண்டியை எடுத்துப் போனோம். நான் ஓட்டினேன். ஸ்விட்சுப் பெட்டி மேஸ்திரியின் மடியில். வண்டி அடிவயிறு தரையை முகர்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. நடைபாதையில் ஒரு குழந்தை கை காட்டியது. எதிரே ஒரு போலீஸ் வண்டி சாதாரணமாக, எங்களைப் பார்க்கக்கூடச் செய்யாமல் வந்துகொண்டிருந்தது.

பம்ப் உறுமியது. இம்பாலா நான்கு சக்கரத்திலும் விறைப்பாக எழுந்து நின்றது, ரிம்முக்கு மேலே. நான் திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வண்டி கடந்துபோனது. அவர் விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு இன்னொரு ஸ்விட்சைத் தட்டினார். வண்டி மெல்ல இறங்கியது.