சங்கரன்கோயில் வட்டாரத்து நோய்க்கணக்கு

ஓர் ஊரின் நோய்க்கணக்கு வெறும் எண்ணன்று. அஃது எவரால், எவ்விடத்திருந்து, எப்பெயரின்கீழ் எழுதப்பட்டது என்பதனை அறிந்தாலன்றி அவ்வெண்ணின் பொருள் புலனாகாது. கல்வெட்டு ஆராய்வோர் ஓர் ஊர்ப்பெயரைக் கண்டவுடன் அஃது எந்நாட்டினது, எக்கூற்றத்தினது என்று முதற்கண் வினவுவர். 1918-ஆம் ஆண்டின் நச்சுச்சுரத்தையும் 2020-ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றையும் ஒப்பிட முற்படுவோரும் அவ்வினாவையே முதலில் எழுப்புதல் வேண்டும். அதற்குச் சங்கரன்கோயில் வட்டாரம் ஏற்ற சான்றாகும்.

பழைய அரசுப் பதிவுகள் இவ்வூரைச் சங்கரநயினார்கோயில் என்றே குறிக்கும். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்து, சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் அதனொடு சேர்ந்தபோது, இவ்வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தின் வடவெல்லை வட்டங்களுள் ஒன்றாயிற்று. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தோன்ற, சங்கரன்கோயில் அதன்பாற்பட்டது. பழைய வட்டமும் முழுமையாக நிற்கவில்லை. சிவகிரி, திருவேங்கடம் எனத் தனி வட்டங்கள் அதினின்றும் கிளைத்தன. ஆகவே, 1918-இன் 'திருநெல்வேலி' வேறு, 2020-இன் 'திருநெல்வேலி' வேறு. இரண்டினையும் ஒரே நிரலில் வைத்துக் கூட்டியும் கழித்தும் முடிவு கூறுவாரும் உளர். அவர்தம் உழைப்பு பாராட்டத்தக்கதே, முடிவு கொள்ளத்தக்கதன்று.

எல்லைக்கு அடுத்தது பெயர். 1918-இல் சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் இறப்பினைப் பதிந்தவர் கிராம முன்சீப்பு. அவர் மருத்துவர் அல்லர். இறப்புக்குரிய காரணங்களோ காலரா, பெரியம்மை, பிளேக், சுரம், வயிற்றுப்போக்கு, சுவாசநோய், காயம், பிற எனச் சிலவாகவே வகுக்கப்பட்டிருந்தன. இன்புளுவென்சா என்பதற்கு அவற்றுள் இடமில்லை. ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி தேவையாகின்றது. பேதி, அம்மை என்பன காண்பார் கண்ணுக்குத் தோன்றும் குறிகளால் அமைந்த பெயர்கள். கற்றவரும் கல்லாதவரும் அவற்றைப் பெரும்பாலும் பிழையின்றியே வழங்குவர். சுரம் அத்தகைத்தன்று. உடல் சுடும் நோய் எதுவாயினும் அச்சொல் ஏற்றுக்கொள்ளும். ஆதலின் அவ்வாண்டின் கொள்ளைநோய்க்கு இரையானோர் பெரும்பான்மையும் 'சுரம்' என்னும் பெருங்கலத்துள் விழுந்து, மலைச்சுரத்தால் மாய்ந்தாரோடு கலந்து போயினர். கணக்கெழுதுவோரும் பாயிற் கிடந்தமையால், பதிவு பல இடங்களிற் சீர்குலைந்தது.

எனவே, அன்றைய அறிஞர் நேரே எண்ணுதலை விடுத்து, வழக்கமாக நிகழும் இறப்புக்கு மேல் மிகுந்தவை எத்துணை என்று கணிக்கலாயினர். சுகாதார ஆணையர் நார்மன் வைட்டு 1919-இல் இந்தியாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் இறந்தனர் என மதித்தார். 1921-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அதனை 120 முதல் 130 இலட்சம் என உயர்த்திற்று. பின்வந்தோருள் கிங்சிலி டேவிசு 1951-இல் 200 இலட்சம் வரை கொண்டார். ஒரே நிகழ்ச்சிக்கு இத்துணைப் பாடவேறுபாடு! ஏடெழுதுவோன் பிழையாயின் நல்ல ஏடொன்று கிடைப்பின் நீங்கும். மூல ஏடே எழுதப்படாதவிடத்து யாது செய்வது?

இனி 2020-க்கு வருவோம். மார்ச்சு 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என அறிவித்தபோது தென்காசி மாவட்டத்திற்கு நான்கு திங்களும் நிறையவில்லை. அதன்கண் அந்நாளில் மருத்துவக் கல்லூரி இல்லை. தென்பகுதியில் தொடக்கத்திலேயே ஆய்வுக்கூடம் இயங்கிய இடங்களுள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஒன்று. மாவட்டம் தென்காசியாயினும் மருத்துவத்திற்குப் பாளையங்கோட்டையை நோக்கும் வழக்கம் மாறவில்லை.

மக்கள் நல்வாழ்வுத் துறை நாடோறும் வெளியிட்ட அறிக்கை நோயாளரை மாவட்டவாரியாக வகுத்தது. வானூர்தி நிலையத்தும் இருப்புவழி நிலையத்தும் கண்டறியப்பட்டோரைத் தனி வரிகளில் வைத்தது. ஒவ்வொரு மாவட்டத்தாரையும் 'உள்ளூரார்' என்றும், ஆங்கிலத்தில் 'இறக்குமதி' எனப் பொருள்படும் சொல்லால் வெளியிலிருந்து வந்தோர் என்றும் மேலும் பிரித்தது. அவ்வாண்டு மே மாதம் மகாராட்டிரத்தினின்றும் திரும்பிய தென்பாண்டி நாட்டுத் தொழிலாளர் இரண்டாம் நிரலிற் சேர்ந்தனர். பிழைப்பு நாடிச் சென்று தன் வீட்டுக்கு மீண்டவனைச் சரக்கின் பெயரால் வழங்கியது அச்சொல். நோய் வந்த வழியறிய அப்பகுப்பு வேண்டியதே; சொல்தான் உறுத்துகின்றது.

அவ்வறிக்கையின் பிற்பகுதி நம்மனோர் ஊன்றிப் படித்தற்குரியது. இறந்தார் ஒவ்வொருவரைப் பற்றியும் அகவை, பால், மாவட்டம், மருத்துவமனை, சேர்ந்த நாள், இறந்த நாள், காரணம் என்பன ஓரிரு தொடரிற் கூறப்பட்டன. நடுகற் கல்வெட்டு, மன்னன் ஆட்சியாண்டும் ஊரும் பூசலும் கூறி, வீழ்ந்தான் பெயரும் கூறும். இவ்வறிக்கையோ பெயரொழிய ஏனைய பலவற்றையும் கூறிற்று. பெயரை மறைத்தது முறையே. ஆயின் ஊரும் உடன் மறைந்தது. தென்காசி என்பதற்குமேல் அது செல்லவில்லை.

இவ்வாறு நாளறிக்கை வாழிடத்தை நோக்கிற்று. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ நிகழிடத்தை நோக்குகின்றது. இறப்பு எங்கு நேர்ந்ததோ அங்கேயே பதிதல் வேண்டும். ஆகவே சங்கரன்கோயிலார் ஒருவர் பாளையங்கோட்டை மருத்துவமனையில் இறப்பின், நாளறிக்கையில் தென்காசிக் கணக்கிலும், பதிவேட்டில் திருநெல்வேலிக் கணக்கிலும் ஏறுவார். இரண்டும் மெய்யே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய்யென்பது பிழை.

கணக்கில் விடுபட்டோரும் இருந்தனர். 2020 சூலை 22 அன்று, சென்னையில் முன்னர்ச் சேராத 444 இறப்புகள் ஆய்வுக்குழுவின் அறிக்கைப்படி ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. நாடு முழுமைக்கும் 2020, 2021 ஆகிய ஈராண்டுக்கு அரசின் கணக்கு ஏறத்தாழ 4.8 இலட்சம், உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் கணித்த மிகை இறப்போ ஏறத்தாழ 47 இலட்சம். இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. நூறாண்டுக்குப் பின்னும் 1919-இன் வழியே, மிகுந்ததை எண்ணும் வழியே, மீண்டும் கையாளப்பட்டமை கருதத்தக்கது.

இஃது ஏட்டுச் சண்டை மட்டுமன்று. இறந்தார் குடும்பத்திற்கு 50,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2021 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, இறப்புச் சான்றிதழில் கொரோனா என்னும் சொல் இல்லாமை ஒன்றே காரணமாக அத்தொகையை மறுத்தலாகாது என்று ஆணையிட்டது. சான்றிதழிற் காணும் ஒரு சொல்லின்மேல் ஒரு குடும்பத்தின் உரிமை நின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

சங்கரன்கோயில் தன் மக்களுள் எத்துணைப் பேரை அத்தொற்றில் இழந்தது என்று வினவுவார்க்கு நாளறிக்கை விடை கூறாது. நகராட்சிப் பதிவேடு ஒரு பகுதியே கூறும். எஞ்சியதைத் திருநெல்வேலியிலும் மதுரையிலும் உள்ள பதிவேடுகளிலேயே தேடுதல் வேண்டும். அவற்றின் முகவரிப் பகுதியில்தான், வேற்று மாவட்டத்துக் கணக்கினுள்ளே, இவ்வூர்ப் பெயர் எழுதப்பட்டிருக்கும்.