ஒரே பாட்டு, 3 நீளம்: ஸ்ட்ரைசாண்ட் - டோனா சம்மர் டூயட் இத்தனை வடிவத்தில் வந்தது ஏன்?

'நோ மோர் டியர்ஸ் (ஈனஃப் இஸ் ஈனஃப்)' என்று தேடிப் பாருங்க. ஒன்று 5 நிமிடத்துக்குள் முடியும், இன்னொன்று 8 நிமிடத்தைத் தாண்டும், மற்றொன்று 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். எது ஒரிஜினல்? மூன்றுமே ஒரிஜினல்தான்!

யார் பாட்டு இது?

1979 அக்டோபரில் வெளியான டிஸ்கோ டூயட். பாடியவர்கள் பார்பரா ஸ்ட்ரைசாண்ட், டோனா சம்மர். எழுதியவர்கள் பால் ஜபாரா, புரூஸ் ராபர்ட்ஸ். சம்மர் பாடி ஆஸ்கர் வாங்கிய 'லாஸ்ட் டான்ஸ்' பாட்டை எழுதியவரும் இதே ஜபாராதான்.

தலைப்பில் கண்ணீர் வந்தது எப்படி?

ஸ்ட்ரைசாண்டின் 'வெட்' ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் தண்ணீரைச் சுற்றியே இருக்கும். அதனால் இந்தப் பாட்டிலும் மழையும் கண்ணீரும் சேர்ந்துகொண்டன.

ஏன் இத்தனை வடிவம்?

ஸ்ட்ரைசாண்ட் கொலம்பியா கம்பெனி, சம்மர் காசாபிளாங்கா கம்பெனி. பாட்டை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஸ்ட்ரைசாண்டின் 'வெட்', சம்மரின் 'ஆன் தி ரேடியோ' என இரண்டு ஆல்பத்திலும் பாட்டு இடம்பெற்றது. அமெரிக்காவில் 7 அங்குல சிங்கிள் கொலம்பியாவிலிருந்து வந்தது, 12 அங்குல சிங்கிள் காசாபிளாங்காவிலிருந்து வந்தது.

இசைத்தட்டின் அளவும் ஒரு காரணம். 7 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு சில நிமிடம்தான் பிடிக்கும். ரேடியோவுக்கும் சின்னப் பாட்டுதான் வசதி. டிஸ்கோ கிளப்பில் கதை வேறு. அங்கே ஆட்டம் நிற்கக் கூடாது, டிஜே அடுத்த தட்டுக்கு மாற நேரம் வேண்டும். 12 அங்குலத் தட்டில் வரிகளை அகலமாக வெட்டலாம் என்பதால் பேஸ் ஒலியும் கனமாகக் கேட்கும். மெதுவாகத் தொடங்கி, திடீரென வேகம் பிடிக்கும் இந்தப் பாட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

ஹிட் ஆச்சா?

1979 நவம்பரில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம், அங்கே 2 வாரம் நின்றது. இருவருக்குமே அது 4-வது நம்பர் ஒன். சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த அதே ஆண்டில் கிடைத்த வெற்றி இது.

சம்மருக்கு இதில் ஒரு இழப்பும் உண்டு. அவர் தனியாகவே எழுதிய 'டிம் ஆல் தி லைட்ஸ்' பாட்டும் அப்போது அதே பட்டியலில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது 2-ம் இடத்தோடு நின்றுபோக, டூயட் முதலிடத்துக்குப் போனது. 1980-ல் சம்மர் காசாபிளாங்காவை விட்டே விலகி, ஜெஃபன் கம்பெனியில் சேர்ந்தார்.

எதைக் கேட்கலாம்?

போனில் பாட்டின் நீளத்தைப் பாருங்க. 5 நிமிடத்துக்குள் என்றால் ரேடியோவுக்கான சிங்கிள். 8 நிமிடத்துக்கு மேல் என்றால் 'வெட்' ஆல்பத்தில் உள்ளது. 11 நிமிடத்தைத் தாண்டினால் கிளப்புக்கான 12 அங்குல வடிவம். இரண்டு குரலும் விட்டுக்கொடுக்காமல் மோதுவதை முழுசாகக் கேட்க வேண்டுமா? கடைசியில் சொன்னதைப் போடுங்க.