கரோல் பாக்–லே வழிக் கூடாரத் தங்கல்கள்

தில்லியிலிருந்து மணாலி வழியாக லடாக் செல்லும் மோட்டார் சைக்கிள் பயணிகள் மலைமேல் இரவைக் கழிக்கும் கூடார இடங்கள். கோடையில் மட்டும் வரிசையாகக் கூடாரம் அடித்து வாடகைக்கு விடும் முகாம்களும், பயணி தானே இடம் பார்த்து டேரா போடும் வெட்டவெளிகளும் இவற்றில் அடங்கும். பாரலாச்சா கணவாய்க்கு அப்பால் இவ்வழி மழைமறைவுக் குளிர்ப் பாலைவனத்தில் நுழைகிறது. லேயின் ஆண்டு மழையளவு சுமார் 100 மில்லிமீட்டர். விறகு கிடையாது, நிழல் கிடையாது. தங்கும் இடத்தைப் பிழையாகத் தேர்ந்தவருக்கு அடுத்த ஊர் பல மணிநேரத் தொலைவில் இருக்கும்.

கரோல் பாகின் பங்கு

இப்பயணங்களில் பல தில்லியின் கரோல் பாகில் தொடங்குகின்றன. நாயிவாலா தெருவிலும் ஹரிசிங் நல்வா தெருவிலும் வாடகை புல்லட்டுகளும் உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. வண்டியின் இருபுறமும் பை கட்டுவதற்கான இரும்புச் சட்டத்துக்கு இங்கே ‘லடாக் கேரியர்’ என்றே பெயர். கூடுதல் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பெட்ரோலுக்கு ஜெர்ரிகேன் ஆகியவற்றையும் இங்கேயே வாங்கிக் கட்டிக்கொள்வர். லாஹௌலின் தாண்டி பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். ஜெர்ரிகேன் வியாபாரத்தை வளர்த்தது அந்த வெற்றுத் தொலைவே. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, சென்னையில் செய்த வண்டியைக் கரோல் பாகில் வாடகைக்கு எடுக்கும் தமிழ் இளைஞர்களும் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கும் பூசா சாலை இப்பகுதியின் ஓரத்தில்தான் செல்கிறது.

அந்தச் சாலையின் பெயருக்கும் லடாக் வழிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பீகாரின் பூசாவில் கிழக்கிந்தியக் கம்பெனி குதிரைப் பண்ணை நடத்தியது. 1808இல் அதன் கண்காணிப்பாளரான கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராஃப்ட், நல்ல குதிரை தேடி மத்திய ஆசியாவுக்குப் புறப்பட்டு, குல்லு, ரோதாங், லாஹௌல் வழியாக 1820 செப்டம்பரில் லேயை அடைந்தார். அவருடைய பழைய பண்ணை நிலத்தில் 1905இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1934 நிலநடுக்கத்தில் அது சிதைந்ததால் 1936இல் கரோல் பாகை ஒட்டிய நிலத்துக்கு இடம் மாறியது. பூசா என்ற பெயரும் கூடவே வந்தது.

வரலாறு

இவ்வழியில் கூடார வாழ்வின் மூத்த குடிகள் சாங்பா மேய்ப்பர்கள். ரூப்ஷு, கர்னாக், கோர்சோக் பகுதிகளில் பஷ்மினா ஆடும் யாக்கும் மேய்க்கும் இவர்களது கூடாரத்துக்கு ரெபோ என்று பெயர். யாக் மயிரால் நெய்த கறுப்புத் துணி, சற்றே தோண்டிய தரை, சுற்றிலும் தாழ்ந்த கற்சுவர், புகை போக உச்சியில் திறப்பு என்பது அதன் அமைப்பு. எந்தக் குடும்பம் எந்த மேய்ச்சலில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதைக் கோபா எனப்படும் ஊர்த்தலைவர் முடிவு செய்வார். ஆண்டுதோறும் அதே இடங்களுக்கே திரும்புவதால் அவர்கள் போன பிறகும் கல்வளையங்கள் அங்கேயே நிற்கும். ஆளில்லாத வெளி என்று பயணி நினைக்கும் இடம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் பருவகால வீடு. மறுபுறமான லாஹௌல் பக்கம் காங்ரா, சம்பாவிலிருந்து வரும் ‘கத்தி’ (Gaddi) எனும் இடையர் இனத்தாரும் இப்படியே தமக்கென்று கிடைகள் வைத்திருந்தனர்.

அடுத்து வந்தவை வணிகச் சாத்துகள். மத்திய ஆசியாவின் யார்கந்திலிருந்து காரகோரம் கணவாய் ஏறி லேக்கு வந்த சரக்கு, அங்கிருந்து ஸ்ரீநகருக்கும், குல்லு வழியாக ஹோஷியார்பூருக்கும் போயிற்று. உப்பும் கம்பளியும் செம்மறிகளின் முதுகிலேயே வந்தன. சுமார் 3,800 மீட்டர் உயரத்திலுள்ள பாட்சியோவில் கோடைச் சந்தை கூடும். அங்கேயே ஆட்டின் மயிரைக் கத்தரித்து, உப்பை இறக்கி, தானியம் ஏற்றித் திரும்புவர். சாத்துக்காரர் தங்கல் தேர்ந்த விதி எளிது: தண்ணீர், புல், எரிபொருள். எரிபொருள் என்றால் காய்ந்த சாணமும் பூர்ட்சே புதரும். இம்மூன்றில் ஒன்று குறைந்தால் அடுத்த தங்கலுக்கு நடப்பார்கள். கால்நடை பசியாறாத இடத்தில் மனிதர் தங்கவில்லை.

பின்னாளில் இத்தங்கல்கள் ஏட்டில் ஏறின. பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சாண்டர் கன்னிங்காம் 1854இல் லடாக் பற்றிய நூலை வெளியிட்டார். காஷ்மீர் மகாராஜாவின் பணியில் இருந்த ஃபிரெடெரிக் ட்ரூ, 1875இல் வெளியிட்ட நூலில் ரூப்ஷு மேய்ப்பர்களின் வாழ்வை விரித்து எழுதி, வழித்தடப் பட்டியல்களையும் சேர்த்தார். 1867இல் மருத்துவர் ஹென்றி கேய்லி லேயில் பிரிட்டிஷ் அதிகாரியாக அமர்ந்தார். 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபுவும் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்கும் செய்த உடன்படிக்கை மத்திய ஆசிய வழியைத் தடையற்ற வணிகச் சாலையாக்கியது. வழியில் தங்குமனைகளும் தானியக் கிடங்குகளும் வைக்க ஏற்பாடாயிற்று. இமயப் பாலைவனத்தில் அரசு திட்டமிட்டு அமைத்த முகாம் வரிசைக்கு இதை முன்னோடியாகக் கொள்ளலாம்.

ஏற்பாடுகள் இருந்தும் உயரம் ஆளைக் கொன்றது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, ஃபோர்சித் தலைமையிலான யார்கந்து தூதுக்குழுவோடு சென்று திரும்புகையில், 1874 ஜூனில் காரகோரம் வழியிலுள்ள முர்கோ முகாமில் இறந்தார். லேயில் அவருக்கு நினைவுத்தூண் உள்ளது.

ஆனாலும் சாத்து வழிக்கு மோட்டார் சாலைக்கு இல்லாத ஒரு நன்மை இருந்தது. சுமையோடு நடக்கும் ஆடும் மட்டக்குதிரையும் ஒரு நாளில் ஏறக்கூடிய உயரம் குறைவு. கால்நடையின் நடை வேகமே மனித உடலுக்கு உயரம் பழகும் அவகாசத்தைக் கொடுத்தது. 1949இல் சீனா எல்லையை மூடியதும் யார்கந்து வணிகம் நின்றது. 1974இல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. மணாலி–லே சாலை 1989இல் திறந்தது. அதன்பின் தங்கல்களுக்கு இடையிலான தூரத்தைத் தீர்மானித்தவை இயந்திரமும் பகல் வெளிச்சமுமே.

இடம் தேர்தல்

இயந்திர வேகத்தின் விளைவைச் சர்ச்சுவில் காணலாம். இமாசலப் பிரதேசத்தின் வட எல்லையிலுள்ள இச்சமவெளி சுமார் 4,290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணாலியோ சுமார் 2,050 மீட்டர். காலையில் மணாலியில் கிளம்பி இரவில் சர்ச்சுக் கூடாரத்தில் படுப்பவர் ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறார். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை தொடங்கி நுரையீரலில் நீர் கோப்பது வரை இங்கே நிகழ்வது இவ்விதி மீறப்படுவதால்தான். சாலைத் தூரத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடம் என்பதைத் தவிர, முதல்முறை போகிறவருக்குச் சர்ச்சுவில் இரவு தங்கக் காரணம் இல்லை. பாங் இன்னும் உயரம், சுமார் 4,600 மீட்டர். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ (3,100 முதல் 3,200 மீட்டர்) இரண்டு இரவு தங்கி, விடியலில் கிளம்பி, உயர்நிலத்தை ஒரே பகலில் கடந்து, லேக்கு முன்னுள்ள உப்ஷியில் இறங்குவது நல்லது. ஸ்ரீநகர், திராஸ், கார்கில் வழி தில்லியிலிருந்து நீளம் என்றாலும் படிப்படியாக ஏறுவதால் முதல் பயணத்துக்கு அதுவே ஏற்றது.

வெட்டவெளியில் டேரா போடுவோருக்கு நீர்தான் முதல் சோதனை. பனியுருகல் ஓடைகள் காலையில் மெலிந்து, பிற்பகலில் பெருகி, மாலையில் உச்சத்தை எட்டும். பகல் பத்து மணிக்குப் பார்த்த கரையை நம்பக் கூடாது. வறண்ட ஓடைப்படுகையும், மலையடிவாரத்தில் வண்டல் விசிறிபோல் பரந்த நிலமும் தட்டையாக இருப்பதால் ஆளை இழுக்கும். 2010 ஆகஸ்ட் 5, 6 தேதிகளின் நள்ளிரவில் லேயைச் சுற்றி மேகவெடிப்பு நேர்ந்தபோது சேறும் பாறையும் அத்தகைய நிலங்கள் வழியாகவே இறங்கின. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பாங்குக்கு அப்பாலுள்ள மோரே சமவெளியில் நண்பகலுக்குப் பின் எழும் காற்று கூடாரக் கம்பியை வளைக்கும். பழைய கற்சுவர் இருந்தால் அதன் மறைவில் அடிக்கலாம், ஆனால் மேய்ப்பரைக் கேட்டுவிட்டு. 4,290 மீட்டரில் தண்ணீர் சுமார் 86 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு சரியாக வேகாது. சிறு குக்கர் தேவை. வெறும் பியூட்டேன் அடைத்த அடுப்புக் குப்பி உறைநிலைக் குளிரில் எரியாது, ஆகவே புரொப்பேன் கலந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஏரிக்கரைகளைத் தவிர்ப்பது கட்டாயம். த்சோ மோரிரி (2002), சந்திரதால் (2005), த்சோ கர் (2020) மூன்றும் ராம்சார் ஈரநிலங்கள். த்சோ கரின் சதுப்பில் கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டுவது பயணிகள் குவியும் கோடையில்தான். முகாம்களின் எச்சில் சோற்றால் பெருகிய தெருநாய்கள் அதன் முட்டைகளைத் தின்கின்றன. சந்திரதாலின் கரையில் கூடாரத்துக்குத் தடை உண்டு. முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கின்றன. ஊரார் நடத்தும் முகாம் இருக்கும் இடத்தில் தனி டேரா தேவையில்லை.

இன்றைய நிலை

2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தபின் மணாலியிலிருந்து ஜிஸ்பா அரை நாள் பயணமாகிவிட்டது. லடாக் 2019 முதல் ஒன்றியப் பகுதி. பாங்காங், நுப்ரா, த்சோ மோரிரி செல்ல வெளிநாட்டவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வெளியூர் வாடகை வண்டிகள் இவ்விடங்களுக்குச் செல்வதை உள்ளூர் வாடகைச் சங்கங்கள் ஏற்பதில்லை என்பதால், கரோல் பாக் புல்லட்டை லேயில் நிறுத்திவிட்டு அங்கே வேறு வண்டி எடுக்க வேண்டும். முகாம்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை இயங்குகின்றன.