வேலியில் துடிக்கும் நொடி

திண்டுக்கல்லிலிருந்து தருமத்துப்பட்டி வழியாக மலையேறினால் பன்றிமலை, அதையடுத்து ஆடலூர். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, பலா என்று கீழ்ப்பழனி மலைக்கு உரிய எல்லாம் விளைகிற பகுதி. அந்த ருசி யானைக்கும் தெரியும். ஒரு ராத்திரியில் வாழைத்தோப்பை மிதித்துத் துவைத்துவிட்டுக் காட்டுக்குள் திரும்பிவிடும். வருஷக்கணக்காக ஓயாத வழக்கு இது. இதற்கு விவசாயிகள் கண்ட தீர்வுகளில் ஒன்று சோலார் வேலி. கம்பியில் செடி உரசும் இடத்தில் காதைக் கொடுத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், சற்று இடைவெளி, மறுபடி ‘டக்’. அந்த இடைவெளி கிட்டத்தட்ட ஒரு நொடி. அதை அளந்து கொடுக்கிற மின்சுற்றுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அதன் பெயர் மல்டிவைப்ரேட்டர்.

பிறந்த இடம் பாரிஸ். முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திப் பிரிவு ரேடியோ அலைகளின் அதிர்வெண்ணைத் துல்லியமாக அளக்க வழி தேடிக்கொண்டிருந்தது. அதிர்வெண் ஒருபக்கம் அனுப்புகிறவருக்கும் மறுபக்கம் கேட்கிறவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் செய்தி போய்ச் சேராது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் ஆன்ரி ஆப்ரகாம், யூஜின் ப்ளாக் என்ற இரண்டு இயற்பியல் பேராசிரியர்கள். ராணுவத்துக்காகத் தயாரான டி.எம். ரக வெற்றிட வால்வுகள் இரண்டை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டோடு மின்தேக்கி வழியாகக் குறுக்கும் மறுக்குமாக இணைத்தார்கள்.

ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். ஒருவர் உலக்கை இறங்கும்போது மற்றவருடையது மேலே நிற்க வேண்டும். முதல் வால்வில் மின்னோட்டம் பாயும்போது, அதுவே இரண்டாவதை மூடிவைக்கிறது. மூடிய வால்வின் மின்தேக்கியில் மின்னழுத்தம் மெல்ல மாறிவந்து ஓர் எல்லையைத் தொட்டதும் அது சட்டென்று திறக்கிறது. திறந்த வேகத்தில் முதலாவதை மூடிவிடுகிறது. யாரும் தட்டிவிட வேண்டியதில்லை, மின்சாரம் இருக்கும்வரை இது ஓயாது. தாளத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவை மின்தடையும் மின்தேக்கியும்தான்.

இப்படிச் சட்டென்று மாறும் சதுர அலைக்குள் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள் நூற்றுக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஓர் இசைக்கவையோடு அடிப்படையை ஒத்துப்போக வைத்தால், அந்த மடங்குகளை அளவுகோலாக வைத்து எந்த ரேடியோ அலையையும் அளக்கலாம். அவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். போர்க்காலத்தில் ரகசியமாக இருந்த இந்த வேலை 1919இல் கட்டுரையாக வெளிவந்தது. அதை எழுதிய இருவரும் யூதர்கள். அடுத்த போரில் நாஜிகள் இருவரையும் பிடித்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். ஆப்ரகாம் 1943இலும் ப்ளாக் 1944இலும் கொல்லப்பட்டார்கள். நம் பாலிடெக்னிக் லேப்களில் வருஷம் தவறாமல் செய்கிற சோதனைகளில் இந்தச் சுற்றும் ஒன்று. ரெக்கார்டு நோட்டில் அவர்கள் பெயரை எழுதவைக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

பாரிஸில் பிறந்தது நிலையில்லாத பிள்ளை, பாடப்புத்தக மொழியில் அஸ்டேபிள். அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இருவர் மின்தேக்கிகளை எடுத்துவிட்டு, வால்வுகளை நேரடியாகக் குறுக்கே இணைத்து 1918இல் காப்புரிமை கேட்டார்கள். அவர்கள் சுற்று தானாக ஆடாது. தட்டினால் ஒருபக்கம் சாயும், மறுபடி தட்டும்வரை அப்படியே கிடக்கும். இது பைஸ்டேபிள், ஃப்ளிப் ஃப்ளாப் என்றால் எல்லோருக்கும் தெரியும். கடைசியாக எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்பதை நினைவில் வைக்கிற இந்தக் குணத்தை நம்பித்தான் கணினி வளர்ந்தது. இரண்டுக்கும் நடுவே மோனோஸ்டேபிள் என்று ஒன்று உண்டு. தட்டினால் குறித்த நேரத்துக்கு மட்டும் எழுந்து நின்று, பிறகு பழைய நிலைக்கே திரும்பும். கம்பி அறுந்தால் அரை நிமிடம் ஊதிவிட்டு நிற்கிற சைரனுக்கு இதுதான் வேண்டும்.

பழனி மலைக்கு இந்தக் குடும்பத்தின் வேலை சோலார் வேலியோடுதான் அறிமுகமானது என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1950களிலேயே ரேடியோ துடிப்புகளை நேர்மேலே அனுப்பி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தப் பதிவுகளுக்குத் தனி மதிப்பு. வால்வு காலத்தில் துடிப்பை உண்டாக்கவும் நேரத்தை அளக்கவும் பொறியாளர்கள் கைவைத்த முதல் சுற்று மல்டிவைப்ரேட்டர்தான்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. 1971இல், சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலைபார்த்த ஹான்ஸ் கேமன்சிண்ட், சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக ஒரு டைமர் சிப்பை வடிவமைத்தார். 1972இல் அது 555 என்ற எண்ணோடு சந்தைக்கு வந்தது. எட்டே கால்கள். இன்று சென்னை ரிச்சி தெருவில் ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். கூட இரண்டு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் போட்டால் அஸ்டேபிள் தயார். 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் என்று போட்டுப் பாருங்கள், தாளம் கிட்டத்தட்ட ஒரு நொடிக்கு வந்து நிற்கும்.

கேமன்சிண்ட் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறொன்று. மின்தேக்கி எவ்வளவு நிரம்பினால் புரள வேண்டும் என்பதை அவர் வோல்ட் கணக்கில் வைக்கவில்லை. கொடுக்கிற மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று விகிதமாக வைத்தார். ஐப்பசி மழையில் மலை நாள்கணக்காக மேகத்துக்குள் கிடக்கும்போது, சோலார் தகடு சரியாகச் சார்ஜ் ஏற்றாமல் 12 வோல்ட் பேட்டரி 11க்கு இறங்கிவிடும். அடியின் வலு குறையலாம், தாளம் பிசகாது.

கம்பிக்குத் துடிப்பை அனுப்பும் வேலிப் பெட்டிக்குள் நடப்பது இது. முதலில் வேகமாக ஆடும் ஒரு சுற்று பேட்டரி மின்சாரத்தைச் சில நூறு வோல்ட்டுக்கு உயர்த்தி, பெரிய மின்தேக்கி ஒன்றில் சேமிக்கிறது. மெதுவாக ஆடும் இரண்டாவது சுற்று நொடிக்கொரு முறை தைரிஸ்டர் என்ற மின்சுவிட்சைத் தட்டித் திறக்கிறது. சேமிப்பு முழுவதும் ஒரே பாய்ச்சலில் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பாய்ந்து, பல ஆயிரம் வோல்ட்டாகக் கம்பியில் ஏறுகிறது. இந்த மின்தேக்கி முறை 1960களில் நியூசிலாந்தில் மாட்டு வேலிக்காக வந்தது. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் 555 இடத்தில் மைக்ரோகன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. செய்கிற வேலை அதேதான்.

எட்டாயிரம் வோல்ட் கொல்லாது, வீட்டு லைனின் 230 வோல்ட் கொன்றுவிடும் என்றால் கேட்பவர் நம்பமாட்டார். வேலியின் பாய்ச்சல் மில்லிநொடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது, ஆற்றலும் சில ஜூல்தான். தசை இறுகி, விடுபட்டு, தொட்ட உயிர் பின்வாங்க முழுதாக ஒரு நொடி கிடைக்கிறது. லைனிலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு இழுத்த கம்பியில் அந்த இடைவெளி கிடையாது. இறுகிய தசை இறுகியபடியே இருக்கும், இதயம் தாளம் தவறிவிடும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது அப்படிப்பட்ட கம்பியில்தான். அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்து, பதிவைக் கட்டாயமாக்கியது. பெட்டிக்கான தரநிர்ணயம் நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் கூடாது என்கிறது. ஆகவே விலை குறைவு என்று உள்ளூரில் ஒட்டுப்போட்டுச் செய்த பெட்டியை வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். மலிவான மின்தேக்கி சில வருஷத்தில் காய்ந்து கொள்ளளவு பாதியானால், நொடிக்கு ஒன்று நொடிக்கு இரண்டாகிவிடும். சத்தத்தை எண்ணிப் பார்க்காதவருக்கு அது தெரியவும் வராது.

யானையும் சும்மா இல்லை. தந்தம் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது என்று கண்டுகொண்டு, அதாலேயே கம்பியை அறுக்கிற கொம்பன்கள் உண்டு. மரத்தை வேலிமேல் சாய்த்துவிட்டு நடந்து போவதும் உண்டு. அதனால் இப்போது தொங்குவேலி போடுகிறார்கள். உயரமான கம்பங்களுக்கு நடுவே மேலே ஒரு கம்பி, அதிலிருந்து திரைபோல் கீழே தொங்கும் மெல்லிய கம்பிகள். அறுக்க இறுக்கமான கம்பி இல்லை, உள்ளே நுழைந்தால் தும்பிக்கையிலும் நெற்றியிலும் படும். இதற்கும் பெட்டி அதேதான்.

ஆடலூர் போன்ற ஈரமான மலையில் பெரிய பாடு செடிகொடியோடுதான். மழைக்குப் பிறகு புல்லும் கொடியும் ஏறிக் கம்பியைத் தொட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் மண்ணுக்குள் ஒழுகிவிடும். பெட்டியருகே எட்டாயிரம் காட்டுகிற மீட்டர், கடைசிக் கம்பத்தில் இரண்டாயிரம்கூடக் காட்டாமல் போகலாம். அதற்கு மாசம் ஒருமுறை வேலியோரம் அரிவாளோடு ஒரு ஆள் நடந்தாக வேண்டும். மலையில் இப்போது அந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.