விரலிலிருந்து ஒளிக்கு: முன்னிற்கும் சுரப்பிச் சத்திர சிகிச்சையின் வரலாறு

முதுமை ஆண்களுக்குக் கொணரும் துன்பங்களுள் நாணத்தால் மறைக்கப்படுவது சிறுநீர்த் தடையாகும். சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்வழியைச் சூழ்ந்துள்ள முன்னிற்கும் சுரப்பி, வயது ஏறப் பருத்து அவ்வழியை நெருக்குகின்றது. இரவில் பன்முறை எழுதல், தாரை மெலிதல், ஈற்றில் முற்றாக அடைபடல் என நோய் வளரும். இது புற்றுநோயன்று, எனினும் கவனியாது விடின் சிறுநீரகங்களைக் கெடுத்து உயிரையும் மாய்க்கவல்லது.

பொம்பேய் நகர இடிபாடுகளில் வெண்கலச் சிறுநீர்க் குழாய்கள் கிடைத்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பெரும்பாலான முதியோர்க்குக் குழாய் ஒன்றே துணையாக இருந்தது. அதன் வழியே தொற்றும் புகுந்தது. 1890களில் சுரப்பி சுருங்கும் என்ற எதிர்பார்ப்பில் விதைகளை அகற்றும் சிகிச்சைகூட மேற்கொள்ளப்பட்டமை, அக்கால நோயாளரும் வைத்தியரும் எய்தியிருந்த கையறுநிலையைக் காட்டுகின்றது.

இந்நிலையை மாற்றியோருள் முதன்மையானவர் அயர்லாந்தைச் சேர்ந்த பீற்றர் பிரேயர். இந்திய மருத்துவ சேவையில் இருபதாண்டுகள் பணியாற்றிய பின் லண்டன் சென்ற அவர், 1901இல் புதிய முறையொன்றை வெளியிட்டார். அடிவயிற்றின் வழியே சிறுநீர்ப்பையைத் திறந்து, விரலை உட்செலுத்தி, தோடம்பழச் சுளையைத் தோலினின்றும் பிரிப்பதுபோலப் பருத்த பகுதியைக் கெல்லி எடுப்பதே அம்முறை. நியூயோர்க்கில் யூஜின் புல்லர் இதனை முன்னரே செய்திருந்தமையால் முதன்மை பற்றிய பூசலும் எழுந்தது. சுரப்பி முழுவதையும் அகற்றியதாகப் பிரேயர் கருதியதும் பிழையே. பருத்து வளர்வது உட்பகுதியாகும். அதனால் அமுக்கப்பட்ட வெளிப்பகுதி தோலைப்போல எஞ்சி நிற்கின்றது. விளக்கம் தவறாயினும் விரல் சென்ற தளம் சரியானது. 1912இல் ஆயிரம் நோயாளர் பற்றிய கணக்கை அவர் வெளியிட்டார்.

ஆயின் வயிற்றைத் திறப்பது முதியோர்க்குப் பெருஞ்சுமை, குருதிப்பெருக்கும் மிகுதி. 1945இல் தெரன்ஸ் மில்லின் சிறுநீர்ப்பையைத் திறவாது சுரப்பியின் உறையை நேரே அணுகும் முறையை வெளியிட்டார். எனினும், வெட்டுக்காயமின்றிச் சிறுநீர்வழியாகவே உட்செல்லும் நெறியே ஈற்றில் மேலோங்கியது. நிற்சேயின் சிறுநீர்ப்பை நோக்குகருவி 1870களின் இறுதியில் அதற்கு அடிகோலியது. 1926இல் மக்ஸிமிலியன் ஸ்ரேர்ன் அமைத்த மின்வளையக் கருவியும், பின்னர் ஜோசப் மக்காதி அதில் செய்த திருத்தங்களும் சுரப்பியைச் சிறு சீவல்களாக வெட்டியெடுக்க வழிசெய்தன. ஹரல்ட் ஹொப்கின்ஸின் கண்ணாடிக்கோல் வில்லைகள் பார்வையைத் தெளிவாக்கின.

இம்முறைக்கும் எல்லை இருந்தது. உப்புநீர் மின்னைக் கடத்துமாதலால், பழைய மின்வளையத்துடன் உப்பற்ற கரைசலாலேயே கழுவ வேண்டியிருந்தது. அக்கரைசல் மிகுதியாகக் குருதியிற் கலப்பின் சோடியம் குறைந்து மயக்கமும் மரணமும் நேரலாம். ஆதலால் மிகப் பெரிய சுரப்பிகள் பழைய திறந்த சிகிச்சைக்கே விடப்பட்டன.

1960இல் தியடோர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். 1990களின் தொடக்கத்தில் அவ்வொளி முன்னிற்கும் சுரப்பியின் மீது பரவலாகச் செலுத்தப்பட்டது. குருதி குறைந்தது, ஆயின் வெந்த இழையம் உடனே அகலாமல் வாரக்கணக்கில் கழன்றது. நோயாளர் குழாயுடன் நெடுநாள் காத்திருந்தனர். புதுமை மட்டும் பயன் தராது என்பதற்கு இது சான்றாயிற்று. அம்முறை விரைவில் கைவிடப்பட்டது.

பின்னர் இரு பாதைகள் தோன்றின. குருதியின் செந்நிறப்பொருள் உறிஞ்சும் 532 நனோமீற்றர்ப் பச்சை ஒளி, இழையத்தை ஆவியாக்கியது. நியூசீலாந்தின் தௌரங்கா நகரில் பீற்றர் கில்லிங்கும் மார்க் பிரவுண்டோபரும் வேறொன்றைச் செய்தனர். ஹோல்மியம் லேசரின் ஒளியை நீர் உறிஞ்சுவதால் அது இழையத்துள் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே ஊடுருவும். அதனைக்கொண்டு உறைக்கும் பருத்த பகுதிக்கும் இடைப்பட்ட தளத்தைப் பிரித்து, பகுதியை முழுதாகச் சிறுநீர்ப்பையினுள் தள்ளி, அங்கே துண்டாக்கி உறிஞ்சியெடுத்தனர். இம்முறை 1998இல் வெளியிடப்பட்டது. கழுவுவதற்கு உப்புநீரே போதுமாகையால் முன்னைய ஆபத்து நீங்கியது. பெரிய சுரப்பிகளும் கத்திபடாமல் அகற்றப்படலாயின.

கூர்ந்து நோக்கின், 1901இல் விரல் தேடிய தளத்தையே ஒளி மீண்டும் கண்டமை புலனாகும். ஒளி இழையத்தின் மேற்பரப்பை வெறுமனே எரித்தபோது தோற்றது. பழைய உடலமைப்பு அறிவோடு இணைந்தபோது வென்றது. எனினும் இதுவும் குறையற்றதன்று. விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பையுட் செல்லல் பெரும்பாலோர்க்கு நேர்கின்றது; கைதேர நீண்ட பயிற்சி வேண்டும்; கருவியின் விலையும் உயர்ந்தது. ஆதலால் மின்வளையம் இன்றும் பல நாடுகளில் பயன்படுகின்றது. மருந்துகளால் ஆறுதல் பெற்றுச் சத்திர சிகிச்சையைத் தவிர்ப்போரும் பலர்.

ஒரு கருவியின் பெருமை அதன் புதுமையால் அளக்கப்படுவதன்று. நாணி மறைத்த நோயோடு வரும் முதியவர், எத்தனை விரைவில் குழாயின்றித் தம் வீடு திரும்புகின்றார் என்பதே அதன் உரைகல்லாகும்.