நல்ல கச்சேரியா, நல்ல கசெற்றா? தெட்சணாமூர்த்தியின் தவிலை எப்படிக் கேட்பது

தவில் என்றால் தெட்சணாமூர்த்தி. இந்த வசனத்தைக் கேட்காமல் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆக்கள் குறைவு. ஆனால் அதைத் திருப்பிச் சொல்லுற எங்கட தலைமுறையில் ஒருத்தரும் அவரை நேரில் கேட்டதில்லை. 1933இல் இணுவிலில் பிறந்தார். தகப்பன் விசுவலிங்கத்திடமும், பிறகு தமிழ்நாட்டில் நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையிடமும் பயின்றார். அளவெட்டியில் வாழ்ந்தார். 1975இல், 42 வயசு நிறையமுதலே, போய்விட்டார். எங்கட அப்பா அம்மாவில் பாதிப்பேர் அப்ப பிறந்திருக்கவே மாட்டினம்.

அப்ப நாங்கள் கேட்டது என்ன? ஒரு கோயில் வீதியில் ஆரோ ஒருத்தர் வைத்த மைக்கில் விழுந்து, ஒரு ஸ்பூல் றேப்பில் ஏறி, அதிலிருந்து கசெற்றுக்கு, கசெற்றிலிருந்து இன்னொரு கசெற்றுக்கு, பிறகு கணினிக்கு, யூடியூப்புக்கு, கடைசியாக வாட்ஸ்அப்புக்கு வந்த ஒரு சத்தத்தை. அதைக் கேட்டுவிட்டு "என்ன வேகம் மச்சான்!" என்கிறோம். அந்த வேகம் தெட்சணாமூர்த்தியுடையதா, றேப் ஓடின வேகமா என்று ஆரும் கேட்பதில்லை.

வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருசமே சொல்லித்தருகிற விசயம் ஒன்று இருக்கிறது. ஒரு சான்று கையில் வந்தால், அது என்ன சொல்கிறது என்று பார்க்கமுதல் அது எங்கிருந்து, ஆர் கையால், எந்த வழியால் வந்தது என்று பார். கல்வெட்டுக்கும் ஓலைக்கும் இதைச் செய்கிறோம். கசெற்றுக்குச் செய்வதில்லை. கசெற் எங்களுக்குப் பாட்டுப் பெட்டி. உண்மையில் யாழ்ப்பாணத்து மேளக்கச்சேரியின் வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய மூலச்சான்று இல்லை.

இந்த வேலையை மிகச் சீரியஸாகச் செய்த ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் என்ற ரொக் குழுவின் இரசிகர்கள். 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய குழு அது. 1995இல் ஜெரி கார்சியா இறக்கும்வரை இரண்டாயிரத்துக்கு மேல் கச்சேரி செய்தது. ஒரு நாள் வாசித்த பாட்டை அடுத்த நாள் அதே மாதிரி வாசிக்கமாட்டினம். அதனால் இசைத்தட்டைவிடக் கச்சேரி ஒலிப்பதிவுக்குத்தான் மதிப்பு. இரசிகர்கள் பதிவுசெய்வதைக் குழு தடுக்கவில்லை. 1984இல் இருந்து அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. காசு வாங்காமல் றேப்பைக் கைமாற்றுவது இரசிகர்களின் எழுதாத சட்டம். றேப் கைமாறும்போது ஒரு மொழியும் உருவானது: இது ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரே எடுத்ததா, சனத்துக்குள் நின்று எடுத்ததா? எத்தனையாவது தலைமுறைப் பிரதி? எங்கே வெட்டு?

அவர்களிடையே மிகப் புகழ்பெற்றது 1977 மே 8, கோர்னெல் பல்கலைக்கழகத்துக் கச்சேரி. பெற்றி கன்ரர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பதிவாளர் எடுத்த றேப் அது. 2011ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் இரசிகர்களுக்குள்ளேயே ஒரு பழைய சண்டை உண்டு. அது உண்மையில் மிகச் சிறந்த கச்சேரியா, இல்லை மிகத் தெளிவான றேப் பரவலாகக் கிடைத்ததால் அப்படிப் பேர் எடுத்ததா? அதே மாதத்தில் அதற்குக் குறையாமல் வாசித்த நாட்கள் இருக்கின்றன என்று வாதாடுகிறவர்கள் பலர்.

இந்தச் சண்டையை இஞ்சை கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதுதான் என்ர கேள்வி. ஏனென்றால் தவிலும் அப்படித்தான். தனி ஆவர்த்தனத்தை எழுதிவைத்து வாசிப்பதில்லை. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கு வாசித்த ஒரு இரவு மற்ற இரவு மாதிரி இருந்திருக்காது. எந்த இரவில் றேப் ஓடியதோ அந்த இரவுதான் இன்றைக்கு எங்களுக்குத் தெட்சணாமூர்த்தி.

சரி, ஒரு பதிவு கையில் வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, மைக் எங்கே நின்றது. கோயில் வீதியில் கலவை மேசை இல்லை. மைக்கை மேளக்காரருக்குக் கிட்ட வைத்திருக்கலாம், ஒலிபெருக்கிக்காரரின் அம்ப்ளிஃபயரிலிருந்து வயர் எடுத்திருக்கலாம், அல்லது சனத்துக்குள் றெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். கடைசி வகைப் பதிவில் ஒலிபெருக்கிக் குழாயின் சத்தம்தான் அதிகம் விழும். அந்தக் குழாய்க்குக் கீழ்ச்சத்தம் வராது. தவிலின் இடப்பக்கம், கம்பால் அடிக்கிற தொப்பி, அப்படியே காணாமல் போகும். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் மட்டும் தகரத்தில் கல் எறிகிற மாதிரிக் கேட்கும். இப்படி ஒரு பதிவை மட்டும் கேட்டுவிட்டு "அவருடைய தொப்பி அவ்வளவு கனமில்லை" என்று சொன்னால், அது தவிலைப் பற்றின கருத்து இல்லை, குழாயைப் பற்றின கருத்து.

இரண்டாவது, நாதஸ்வரம் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கோ. சின்ன றெக்கோடர்களில் சத்தத்தின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கிற ஒரு அமைப்பு உண்டு. தவிலில் ஒரு பெரிய அடி விழுந்தவுடன் அது எல்லாவற்றையும் அமத்தும், பிறகு மெல்லத் தூக்கும். நாதஸ்வரம் அடிக்கு அடி மறைந்து மறைந்து வரும். பெரிய அடிக்கும் சின்ன அடிக்கும் உள்ள வித்தியாசமும் தேய்ந்துவிடும். ஒரே மட்டத்தில் அடிக்கிறார் என்று நாங்கள் நினைக்கலாம். மட்டமாக்கினது மெசின்.

மூன்றாவதுதான் பெரிய விசயம்: வேகம். பற்றரி இறங்கிய றெக்கோடரில் பதிந்தால் றேப் மெதுவாக ஓடும். அதைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் விரைவாகக் கேட்கும். விரைவு கூடினால் சுருதியும் கூடும். றேப்பில் இரண்டையும் பிரிக்க முடியாது. அரைக்கட்டை சுருதி ஏறினால் வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏறியிருக்கிறது என்று கணக்கு. பத்து நிமிசத் தனி ஆவர்த்தனம் ஒன்பதரை நிமிசத்துக்குள் முடிந்துவிடும். வேகத்தால் பேர் பெற்ற ஒரு கலைஞருக்கு இது சின்ன வித்தியாசமில்லை. எனவே தவிலின் வேகத்தைப் பற்றிப் பேசமுதல் நாதஸ்வரத்தின் சுருதியைப் பாருங்கோ. அந்தக் கலைஞர் வழமையாக இரண்டு, இரண்டரைக் கட்டையில் வாசிக்கிறவர் என்று தெரிந்திருந்து, பதிவில் மூன்றுக்கு மேல் கேட்டால், றேப்பில்தான் சந்தேகம் வரவேணும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. பழைய பதிவுகளில் பின்னாலே ஒரு இரைச்சல் "ம்ம்ம்" என்று ஓடும். அது மின்சாரத்தின் சத்தம். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கணினியில் இலவச மென்பொருள் ஒன்றில் பார்த்தால் அந்த இரைச்சல் எங்கே நிற்கிறது என்று கோடாகத் தெரியும். 53இல் நின்றால் றேப் வேகமாக ஓடுகிறது. ஆனால் அவசரப்படக் கூடாது. திருவிழாவுக்கு ஜெனரேற்றர் பிடித்திருந்தால் 50 நிலையாக நின்றிருக்காது. பிரதி எடுத்த மெசினும் தன்ர இரைச்சலைச் சேர்த்திருக்கும். ஆகவே இரைச்சலும் சுருதியும் ஒரே திசையைக் காட்டினால்தான் நம்பலாம்.

நாலாவது, வெட்டு. 60 நிமிசக் கசெற்றில் ஒரு பக்கம் 30 நிமிசம். தனி ஆவர்த்தனம் உச்சத்தில் நிற்கும்போதுதான் பக்கம் முடியும்! கசெற்றைப் பிரட்டிப் போடுகிற நேரத்துக்குள் சில ஆவர்த்தனம் போய்விடும். பிறகு பிரதி எடுத்தவர் இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட்டால் கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இதில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு, ரொக் இரசிகர்களுக்குக் கிடைக்காத வசதி: தாளம். ஆதி தாளம் என்றால் கையில் எட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கோ. ஒரு இடத்தில் எண்ணிக்கை தவறி, கோர்வை எடுப்பில் வந்து விழாவிட்டால், கலைஞரில் பழி போடமுதல் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேளுங்கோ. பின்னாலே கேட்கிற சனத்தின் சத்தமும் அதே இடத்தில் துள்ளினால் அது வெட்டு.

ஐந்தாவது, "சுத்தம் செய்தது" என்று போட்டிருக்கிற பதிவுகள். பிரதி எடுக்க எடுக்க "ஸ்ஸ்" என்ற இரைச்சல் கூடும். அதை மென்பொருளால் எடுத்துவிடலாம். ஆனால் அந்த இரைச்சல் இருக்கிற அதே மேல்சத்தத்தில்தான் வலந்தலை விரல்களின் கூர்மையும் இருக்கிறது. இரைச்சலோடு விரலும் போய்விடும். கேட்க இதமாக இருக்கும், தவில் பஞ்சில் அடித்த மாதிரி இருக்கும். மங்கலாகக் கேட்கிற கசெற் எல்லாம் கெட்டதென்றும் இல்லை. பிளேயரின் தலை பதிந்த மெசினின் தலையோடு ஒரே கோணத்தில் இல்லாவிட்டாலும் மங்கும். பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் சில நேரம் கதவு திறந்த மாதிரித் தெளியும்.

இவ்வளவையும் சொன்னதும், தெளிவான பதிவே நல்ல பதிவு என்று ஒரு எண்ணம் வரும். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. வானொலி நிலையத்துக் கலையகத்தில் எடுக்கிற பதிவில் எல்லாம் துல்லியமாகக் கேட்கும். ஆனால் அங்கே சனம் இல்லை, நேரக்கட்டுப்பாடு உண்டு. கோயில் வீதியில் எடுத்த கரகரத்த பதிவில் மணிச்சத்தம், குழந்தை அழுகை, ஆரோ ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்லுற "ஆகா" எல்லாம் இருக்கும். எந்த இடத்தில் சனம் அசைந்தது, எந்த இடத்தில் அமைதியானது என்பது வேறெந்த ஆவணத்திலும் இல்லை. இசைக்காரருக்கு அது இடைஞ்சல். வரலாற்றுக்காரருக்கு அதுதான் சான்று. எனவே ஒரு பதிவுக்கு ஒரு புள்ளி போடாமல் மூன்று போடவேணும்: வாசிப்புக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, அந்த இரவைப் பற்றி அது எவ்வளவு சொல்கிறது என்பதற்கு ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

எங்கட பதிவுகளுக்கு நாலாவதாக ஒரு புள்ளியும் தேவை: அது எப்படித் தப்பியது. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பினது. அதே வருசம் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்த பொருள். சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. அந்த மின்சாரத்தில் ஓடின கசெற் சுத்துகிறவரின் கைவேகத்துக்குத்தான் பாடும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது சனம் எதைத் தூக்கியிருக்கும்? அரிசி, பிள்ளை, அடையாள அட்டை. அதையும் மீறி ஒரு கசெற்றைப் பையில் வைத்தவர்களால்தான் இன்றைக்குச் சிலது மிஞ்சியது. வெளிநாட்டுக்குப் போன பெட்டிகளில் மிஞ்சியது வேறு.

இதில் ஒரு சங்கடமான கேள்வியும் இருக்கிறது. அந்தக் காலத்தில் றெக்கோடர் வைத்திருந்தது ஆர்? காசிருந்த இரசிகரும், பெரிய கோயில் உபயகாரரும். வாசித்தவர்களில் எத்தனை பேரிடம் தங்கட வாசிப்பின் ஒரு பிரதி இருந்திருக்கும்? றெக்கோடர் வராத சின்னக் கோயில்களில் வாசித்த தவில்காரர்கள் எங்கட காதில் இல்லவே இல்லை. கசெற் லேபிளில் நாயகத்தின் பேர் இருக்கும். பக்கத்தில் இருந்து வாசித்த இரண்டாவது தவிலுக்கும், தாளம் போட்டவருக்கும், ஒத்து ஊதினவருக்கும் பேர் தேடுங்கோ பார்ப்போம். தெட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது வரைக்கும் போனது. நல்ல விசயம். ஆனால் அவரைச் சுற்றி இருந்த ஒரு முழுக் கலைஞர் கூட்டத்தைப் பற்றிப் பேச, இருக்கிற றேப்பைத் தவிர எங்களிடம் அதிகம் இல்லை.

ஆகவே வீட்டுப் பரணில் ஒரு கசெற் பெட்டி இருந்தால், முதலில் அதைப் போட்டுக் கேட்காதேங்கோ. பூஞ்சணம் பிடித்திருந்தால் ஒரு தரம் ஓடினாலே றேப் அறுந்துவிடும். முதலில் லேபிளைப் படம் எடுங்கோ, பிழையாக எழுதியிருந்தாலும் அப்படியே. எந்தக் கோயில், எந்த வருசம், ஆர் பதிந்தது, ஆரிடம் பிரதி எடுத்தது என்று வீட்டில் இருக்கிற வயசானவரிடம் இண்டைக்கே கேளுங்கோ. கசெற் இன்னும் பத்து வருசம் தாங்கலாம், அவர் தாங்குவாரோ தெரியாது. கணினிக்கு மாற்றும்போது 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸுக்குக் குறையாமல், வெட்டாமல், சுத்தம் செய்யாமல் ஒரு மூலப்பிரதி வைத்துக்கொள்ளுங்கோ. இதமாக்குகிற வேலை எல்லாம் இன்னொரு பிரதியில். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எங்கட அச்சு ஆவணங்களுக்குச் செய்த வேலையை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு புத்தகத்துக்கு ஐந்நூறு பிரதி அச்சடித்திருப்பினம், ஒன்று எங்கேயாவது மிஞ்சும். ஒரு திருவிழா இரவுக்கு றேப் ஒன்றுதான்.